கரி இருந்தும் விளக்கெரியாத நாடு

எர்ணாவூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். கரி இருந்தால் மின்சாரம் தானாக வந்துவிடும் என்றே சிறுவயதில் நம்பியிருந்தேன். தென்னாப்பிரிக்காவைப் பற்றிப் படித்தபோது அந்த நம்பிக்கை உடைந்தது.

நிலக்கரி வளம் மிகுந்த அந்நாட்டில், புதிய நிலையங்கள் கட்டாவிட்டால் 2007 வாக்கில் பற்றாக்குறை வரும் என்று 1998-ஆம் ஆண்டின் அரசு வெள்ளை அறிக்கையே எச்சரித்திருந்தும், முடிவுகள் தள்ளிப்போடப்பட்டன. எச்சரித்தபடியே மின்வெட்டும் வந்தது. பிறகு கட்டத் தொடங்கிய மெடுபி, குசிலே நிலையங்கள் பல ஆண்டுகள் தாமதமாகிச் செலவைப் பெருக்கின. 1923-இல் தொடங்கிய அரசு மின்நிறுவனமான எஸ்காம், 2023-இல் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் சுழற்சி முறையில் மின்சாரத்தை நிறுத்தியது. எஸ்காம் உள்ளிட்ட பொதுத்துறை நிறுவனங்கள் தனியார் ஆதாயத்துக்கு வளைக்கப்பட்ட விதத்தை, நீதிபதி ரேமண்ட் சோண்டோவின் விசாரணை ஆணையம் பல தொகுதிகளில் பதிவுசெய்திருக்கிறது.

இது அந்த வட்டாரத்தின் விதியன்று. 1966-இல் விடுதலை பெற்ற போட்சுவானா, கனிம உரிமையை இனக்குழுக்களிடமிருந்து அரசின் பொறுப்புக்கு மாற்றி, வைர வருவாயைச் சாலைக்கும் பள்ளிக்கும் செலவிட்டது. வைரத்தையே பெரிதும் நம்பியிருப்பது அதன் பலவீனம் என்பது வேறு கதை. லெசோத்தோவின் அரசு வருவாயிலோ பெரும்பங்கு, 1910-இல் உருவான, சுங்க வரியைப் பொதுவில் சேர்த்து உறுப்பு நாடுகள் பகிர்ந்துகொள்ளும் தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தின் பங்கீட்டிலிருந்து வருகிறது. அண்டை நாடான தென்னாப்பிரிக்காவின் இறக்குமதி குறைந்தால், லெசோத்தோவின் தலைநகர் மசேருவில் நிதிநிலை அறிக்கையைத் திருத்தி எழுத நேர்கிறது.