கை நடுங்கினால் எந்த கவுண்டருக்குப் போவது?

போன மாதம், மனநிலையைச் சீராக வைக்க நான் போடும் லித்தியம் மாத்திரையின் அளவு பார்க்க இரத்தம் கொடுக்கப் போனேன். காலை எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து நேரே கிளம்பியவனுக்கு, இரவு மாத்திரையை மறந்தது சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில்தான் ஞாபகம் வந்தது. ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாதே, இறங்கி வெளியே வந்து பொறுப்பாக விழுங்கினேன்.

“கடைசியா எப்ப மாத்திரை போட்டீங்க?” என்றார் தாதி.

“இப்பத்தான், ஏழரைக்கு.”

எடுத்த ஊசியை அப்படியே வைத்துவிட்டார். மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தமாம். என் அட்டையில் தேதியும் அறை எண்ணும் இருந்தன, இது இல்லை. அடுத்த தேதி ஒன்பது நாள் கழித்து. எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கிடையாது, வந்துபோனதற்கு ஒரு சீட்டு மட்டும். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் மாத்திரை நேரத்தை முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ற நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு பைபோலார், அதாவது மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய், கூடவே குடி. பெரிய தப்பைத் தொடக்கத்தில் நான்தான் செய்தேன். ‘உட்பிரிட்ஜ்’ மனநல மருத்துவமனை என்று சொல்லிப் பயமுறுத்தியே வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள். முதல் டாக்டரிடம் சோர்வாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். தூக்கமே வேண்டாத வாரங்களையும் சொல்லவில்லை, பாட்டிலையும் சொல்லவில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தார். மூன்றே வாரத்தில் இரவுக்கு இரண்டு மணி நேரத் தூக்கம், 4டி லாட்டரியில் 800 வெள்ளி, விடியற்காலை மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுக் கதவுக்கு பெயிண்ட். பைபோலார் உள்ளவருக்கு அந்த மாத்திரை தனியாகப் போனால் இப்படித் தூக்கிவிடக்கூடும் என்பது பிறகுதான் தெரிந்தது. இரவு பத்தரைக்கு மேல் கடையில் மது விற்கக்கூடாது என்ற 2015ஆம் ஆண்டுச் சட்டமும் என்னை ஒன்றும் செய்யவில்லை. பத்தேகாலுக்கே வாங்கிக் குவித்துவிடுவேன்.

அப்புறம் பந்தாட்டம். மனநல கிளினிக்கில், “முதலில் குடியை விடுங்கள், எது குடி எது நோய் என்று அப்போதுதான் தெரியும்” என்றார்கள். குடிக்குப் போன இன்னோர் இடத்தில், “முதலில் மனநிலை ஒரு நிலைக்கு வரட்டும்.” இரண்டிலுமே நியாயம் இருக்கிறது. ஆனால் நான்கு மாதம் போனது எனக்கு. அந்தக் கோபத்தில் ஒருநாள் நானாகவே குடியை ஒரேயடியாக நிறுத்தப் பார்த்தேன். தினமும் நிறையக் குடித்தவர் இதை மட்டும் செய்யாதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். நல்லவேளை, அக்கா என்னை அவசரப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

லித்தியம் தொடங்கிய பிறகு ஒருநாள் காப்பிக்கடையில் தே கிளாஸைத் தூக்குகிறேன், பாதி சாஸரில். மறுகையால் பிடித்தேன், அதுவும் ஆடியது. குடி விட்ட நடுக்கம் என்றார்கள் ஓரிடத்தில். குடியை விட்டு அப்போது ஏழு வாரம்! இரண்டு நாளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தன. இரத்தத்தில் லித்தியம் 1.4. எனக்கு 1.0ஐத் தாண்டக்கூடாது. முழங்கால் வலிக்கு நானே வாங்கிப் போட்ட ஐபுபுரோஃபென் அதை ஏற்றிவிட்டிருந்தது. வலி மாத்திரை வாங்கும்போது லித்தியம் எடுக்கிறேன் என்று ஃபார்மசியில் சொல்லியே ஆகவேண்டும்.

“தம்பி, ஆளுக்குப் பாதி சொல்லி ரெண்டு டாக்டர்கிட்டயும் நடிக்காதே” என்றார் அக்கா. ஒரு ஏ4 தாளில் எல்லா மாத்திரையும், கடைசியாகக் குடித்த தேதியும், தூங்கிய மணியும் எழுதி, இரண்டு பிரதி எடுத்தார். என் விவரங்களைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஒரு டாக்டர் என் முன்னாலேயே மற்றவரை ஃபோனில் கூப்பிட்டார். நாலு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். அதற்குத்தான் நான்கு மாதம்.

பில் விஷயம்: பைபோலார் நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் மெடிசேவ் என்ற கட்டாய மருத்துவச் சேமிப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வரம்பு வரை எடுக்கலாம். குடிக்கான கவுன்சலிங் அந்தப் பட்டியலில் இல்லை, ரொக்கம்தான். கவுண்டரில் வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம், நான் வீணாக்கிவிட்டேன்.

குடிவிட்டோர் கூட்டம் ஒன்றில் ஒரு பெரியவர், “மாத்திரையும் போதைதானே, அதையும் விடுப்பா” என்றார். நல்ல மனிதர்தான். அடுத்த வாரம் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

ஒன்பது நாள் கழித்துத் திரும்பப் போனேன். முந்தின இரவு எட்டரைக்கு அலாரம் வைத்து மாத்திரை, காலை எட்டரைக்கு ஊசி. அதே தாதி. “கடைசியா எப்ப?” என்று அவர் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். அளவு 0.7 வந்தது. கீழே இறங்கி பால் சேர்க்காத தே-ஓ ஒன்று வாங்கி, ஒரே கையால் தூக்கிக் குடித்தேன்.