முகத்துவாரத்துக்கு வெளிய நின்ன நேரம்

எங்க வேலைல டெய்லி லாக்னு ஒரு ஷீட் உண்டு. காலைல எத்தன மணிக்கு போட்ல ஏறுனீங்க, எத்தன லைன் ஓட்டுனீங்க, மெஷின் எவ்ளோ நேரம் ரிப்பேர், காத்து எப்படி, கடல் எப்படின்னு எல்லாத்துக்கும் ஒரு கட்டம் போட்டிருப்பாங்க. சும்மா நின்னதுக்கு மட்டும் கட்டம் கெடையாது. நான் வேலைல சேந்தப்பவும் இல்ல, இப்பவும் இல்ல.

வேலை என்னன்னு சொல்லிடறேன். ஹைட்ரோகிராஃபிக் சர்வே, அதாவது தண்ணிக்கு அடியில தரை எவ்ளோ ஆழத்துல கெடக்குன்னு அளக்குறது. போட்டு சைடுல ஒரு பைப்ப கட்டி அதோட அடியில எக்கோ சவுண்டரோட டிரான்ஸ்டியூசர மாட்டுவோம், அது கீழ சத்தம் அனுப்பும், தரைல பட்டு திரும்பி வர்ற நேரத்த வச்சு ஆழம் காட்டும். கடல் தண்ணில சத்தம் செகண்டுக்கு சுமார் 1500 மீட்டர் போகும், அதனால எல்லாம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நடக்கும். மேல ஜிபிஎஸ், மடியில லேப்டாப்பு, லேப்டாப்புக்கு மேல ஒரு கொடை. அளந்துக்கிட்டே போட்ட நேரா ஓட்டுற ஒவ்வொரு தடமும் ஒரு லைன். தண்டையார்பேட்டைல பொறந்து வளந்தவன் நான், ராத்திரி காத்து திரும்புனா காசிமேட்டு மீன் வாசனை வீட்டுக்குள்ள வரும், ஆனா இந்த வேலைக்கு வர்ற வரைக்கும் போட்ல கால் வெச்சதே கெடையாது. வீட்ல கேட்டாங்க, டிப்ளமோ படிச்சிட்டு மீன் புடிக்கவா போறன்னு.

மொத சைட்டே எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற எடம், பக்கிங்காம் கால்வாயும் அங்கதான் வந்து கலக்கும். தெக்கால முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், அந்தாண்ட அனல்மின் நிலையத்தோட சிம்னி, இன்னும் வடக்க போனா காமராஜர் துறைமுகம். கரையிலருந்து பாத்தா இதுல என்ன கஷ்டம் இருக்கப் போவுதுன்னுதான் தோணும், ஆறு இருக்கு, கடல் இருக்கு, நடுவுல கொஞ்சம் நுரை. அந்த நுரைதான் எல்லாம். வருஷத்துல முக்கால்வாசி நாள் அலை மணல வடக்க தள்ளிக்கிட்டே இருக்கும், வடகெழக்கு மழை சீசன்ல மட்டும் திருப்பி தெக்க தள்ளும், கூட்டிக் கழிச்சா வடக்க போறதுதான் ஜாஸ்தி. சென்னை துறைமுகம் கட்டுனப்புறம் அந்த மணல் தெக்கால தேங்கி மெரினா அகலமாச்சு, மணல் கெடைக்காம ராயபுரத்துக்கு வடக்க கரை அரிச்சுக்கிட்டே போச்சு, எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் பூரா கருங்கல்ல கொட்டி வச்சிருக்காங்களே, அது அதுக்குத்தான். முகத்துவாரத்துலயும் அதே மணல்தான். மழைக்காலத்துல ஆத்து வெள்ளம் அத வெளிய அடிச்சிட்டுப் போயிடும், வெயில் காலத்துல ஆத்துல தண்ணி வரத்து இல்லாததால மணல் குறுக்க வந்து படுத்துக்கும், ட்ரெட்ஜர் வச்சு தோண்டுவாங்க, திரும்ப வந்து படுக்கும். போன மாசம் போட்டு போன வழி இந்த மாசம் முட்டி ஆழம்.

எங்களுக்கு போட்டு குடுத்தது ஒரு அண்ணன், ஃபைபர் போட்டு. கூட அவரோட அக்கா பையன். அண்ணனுக்கு எங்க மெஷின் மேல மரியாதையும் இல்ல, வெறுப்பும் இல்ல. அவரு ஒரு மூங்கில் கோல் வச்சிருப்பாரு. ஒருநாள் கழிமுகத்துக்குள்ள என் ஸ்க்ரீன்ல ஒண்ணேகால் மீட்டர்னு காட்டுது, அவரு கோல விட்டா அது பாட்டுக்கு ரெண்டு மீட்டர் இறங்குது. எனக்கு வெக்கமாப் போச்சு. அப்புறம்தான் சீனியர் சொன்னாரு, அடியில சாம்பலும் சேறும் கூழ் மாதிரி நிக்குது, 200 கிலோஹெர்ட்ஸ் சத்தம் அந்தக் கூழோட மேல் பக்கத்துலயே பட்டு திரும்பிடும், கோலு கூழ குத்திக்கிட்டு கெட்டித் தரைக்குப் போயிடும்னு. ரெண்டும் சரிதான், ரெண்டும் வேற வேற தரை.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன். வைகாசி மாசம், அமாவாசைக்கு மொத நாள். காலைலயே வெளிய போயி கடல் பக்கத்து லைன் எல்லாம் முடிச்சிட்டு திரும்பறோம், மணி ரெண்டரை இருக்கும். உள்ள இன்னும் நாலு லைன் பாக்கி, அன்னிக்கே முடிச்சு டேட்டா அனுப்பணும்னு ஆபீஸ்லருந்து காலைலருந்தே போன். என் கையில ஹார்பர் டைட் டேபிள் இருக்கு, கடல் மட்டம் எப்ப ஏறும் எப்ப எறங்கும்னு போட்ட அட்டவணை. ரெண்டு மணி சுமாருக்கு லோ டைட், அதாவது தண்ணி எறங்கி முடியற நேரம்னு போட்டிருக்கு, அப்ப இப்ப ஏத்தம் ஆரம்பிச்சிருக்கும், தண்ணி உள்ள போகும், நம்மளையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும்னு என் கணக்கு. அண்ணன் முகத்துவாரத்துக்கு வெளிய இன்ஜின ஸ்லோ பண்ணிட்டாரு.

"இப்ப வேணாம் தம்பி, தண்ணி இன்னும் வெளிய ஓடினு கீது. கொஞ்ச நேரம் நிப்போம்."

"டேபிள்ல ரெண்டு மணிக்கே வத்தம் முடிஞ்சிடுச்சுண்ணா."

"டேபிளு ஆர்பருக்கு. ஆத்துக்கு எவன் டேபிள் போட்டான்?"

நான் சிரிச்சிட்டேன். அவரு ஜோக் அடிக்கல, அது எனக்கு லேட்டாதான் ஒறைச்சுது. உள்ள அவ்ளோ பெரிய கழிமுகம், வாய் மட்டும் ஒரு சந்து. வெளிய கடல் எறங்கி முடிச்சாலும் உள்ள தேங்குன தண்ணி அந்தச் சந்து வழியாத்தான வடியணும், வெளிய மட்டம் ஏற ஆரம்பிச்சப்புறமும் உள்மட்டம் ஒசரமா இருக்கற வரைக்கும் அது வெளியதான் ஓடும். அப்புறம் ஒருநாள் கழிமுகத்துக்குள்ள தண்ணி மட்டம் பாக்கற அளவுக்கம்பம் ஒண்ண நட்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தபா குறிச்சப்ப, உள்ள லோ டைட் வர்றது ஹார்பருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னு தெரிஞ்சுது. சென்னைல ஏத்தவத்தமே சின்னது, அமாவாசை பௌர்ணமிக்கு ஒரு மீட்டர் கிட்ட, அஷ்டமிக்கு அரை மீட்டர் வந்தா பெருசு, குஜராத்ல பாவ்நகர் பக்கம் பத்து மீட்டர் ஏறி எறங்கும். ஒரு மீட்டர்தானேன்னு நெனைக்கறதுதான் தப்பு. வாய்ல குறுக்க கெடக்கற மணல் திட்டு மேல மொத்த ஆழமே முக்கா மீட்டர்னா அந்த ஒரு மீட்டர்லதான் எல்லாமே இருக்கு.

அன்னிக்கு தென்கெழக்கருந்து அலை, மதியக் கடல்காத்து வேற எழும்பிடுச்சு. வெளிய ஓடுற தண்ணி மேல எதிர்த்தாப்ல அலை வந்தா அலை கிட்ட கிட்ட வந்து செங்குத்தா நிக்கும், திட்டு மேல ஒடையும். ஆபீஸ்ல இருந்து திரும்ப போன். நான் அண்ணன்கிட்ட கெஞ்சல, ஆனா வாடகை கணக்கு பேசினேன். சும்மா நிக்கற நேரத்துக்கு ஆபீஸ்ல காசு குடுக்க மாட்டாங்கண்ணான்னு சொன்னேன். அது உண்மைதான், அந்த உண்மைய அந்த நேரத்துல சொன்னதுதான் அசிங்கம். அவரு ஒண்ணும் பேசாம இன்ஜின முறுக்கினாரு.

இன்னொண்ணும் பண்ணேன், இத ரொம்ப நாள் யாருக்கும் சொல்லல. மணல் திட்டத் தாண்டறதுக்கு முன்னாடி டிரான்ஸ்டியூசர் பைப்ப மேல தூக்கிடணும், அதுதான் ரூல். திட்டு மேலயே ஒரு லைன் ஓசில கெடைக்குமேன்னு நான் அத தண்ணிலயே விட்டுட்டேன்.

மொத அலை பின்னாடி வந்து தூக்குச்சு, ப்ரொப்பெல்லர் தண்ணிய விட்டு மேல வந்து இன்ஜின் கத்துச்சு, ஸ்க்ரீன்ல நுரைல ஆழமே வரல, வெறும் கோடு கோடா வருது. ரெண்டாவது அலைக்கு போட்டு குறுக்க திரும்பிடுச்சு. அப்பதான் அந்த பைப்பு மணல்ல ஊனுச்சு. ஒரு போட்டு ஒரு கம்பத்த நட்டுக்கிட்டு அதச் சுத்துச்சுன்னா எப்படி இருக்கும், அதான். மூணாவது அலை உள்ளயே வந்து விழுந்துச்சு. அந்தப் பையன் ஒரு வார்த்த கேக்காம குதிச்சிட்டான், இடுப்பளவு தண்ணி, மூக்குப் பக்கம் புடிச்சு அலைக்கு நேரா திருப்புறான், அண்ணன் கோல ஊனித் தள்றாரு, நான் லேப்டாப்ப கட்டிப் புடிச்சுக்கிட்டு இருக்கேன். ஆமா, லேப்டாப்பதான். பைப்பு கிளாம்ப பிச்சுக்கிட்டு ஒடிஞ்சுது, போட்டு விடுபட்டுச்சு, அடுத்த அலை எங்கள திட்டுக்கு அந்தாண்ட தூக்கிப் போட்டுச்சு. எல்லாம் சேத்து ரெண்டு நிமிஷம் இருக்குமா, தெரியல.

உள்ள வந்தப்புறம் தண்ணி அமைதி. மேலருந்து வடியற தண்ணில மின் நிலையத்து சுடுதண்ணி கலந்து கால் வச்சா வெதுவெதுன்னு இருக்கு. பையனோட முழங்கால் கிழிஞ்சிருந்துச்சு. அண்ணன் திட்டல. "சாப்டியா தம்பி?"ன்னு கேட்டாரு. திட்டியிருந்தா அன்னிக்கு தூங்கியிருப்பேன்.

லாக்ல நான் என்ன எழுதுனேன்னா, கடல் கொந்தளிப்பால் கருவி சேதம். கடல் அன்னிக்கு வைகாசி மாசத்துக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்துச்சு.

ரொம்ப வருஷம் கழிச்சு, யாட்னு சொல்ற பாய்மரப் படகு ஓட்டுறவங்களுக்காக இங்கிலாந்துல எழுதுன குறிப்பு ஒண்ண படிச்சேன், சஃபோக் பக்கம் டெபன்னு ஒரு ஆறு. வாய்ல கூழாங்கல் திட்டு, அது வருஷா வருஷம் நகரும், அதனால புது வரைபடம் போட்டுக்கிட்டே இருப்பாங்க, வெளிய உட்பிரிட்ஜ் ஹேவன்னு ஒரு மிதவை. அங்க ஏத்தவத்தம் மூணு மீட்டர் சுமார், வாய்ல தண்ணி ஓடுற வேகம் சின்ன யாட்டோட இன்ஜினால எதிர்க்க முடியாத வேகம். அறிவுரை என்னன்னா பாதி ஏத்தம் வர்ற வரைக்கும் வெளிய நில்லு, ஏறுற தண்ணில உள்ள போ, தட்டுனாலும் தண்ணி தூக்கி விட்டுடும், எறங்குற தண்ணில தட்டுனா அங்கயே ஒக்கார வேண்டியதுதான். யாட்டுக்கு அடியில கீல்னு ஒரு கனமான தகடு வேற தொங்கும், என் பைப்பு மாதிரி. படிச்சிட்டு அண்ணனுக்கு போன் பண்ணி சொன்னேன். "அங்கயும் நிக்கறானுங்களா"ன்னு ஒரே சந்தோஷம் அவருக்கு.

அண்ணன் எல்லாம் தெரிஞ்ச சாமின்னு சொல்ல வரல. ஒரு மழை சீசன் முடிஞ்சு ஆழமான வழி வடக்க ஒதுங்கிடுச்சு, அவரு பழைய தெக்கு வழிலயே போயி ரெண்டு தபா தட்டுனாரு, எங்க மேப்புல வடக்க நீலமா ஒரு கோடு தெரிஞ்சத காட்டினப்புறம்தான் அந்தப் பக்கம் வந்தாரு. அந்த மேப்ப போன்ல போட்டோ எடுத்துக்கிட்டாரு. ஆனா எப்ப போறதுன்னு மட்டும் என்ன கேட்டதே இல்ல.

இப்ப டீமுக்கு நான்தான் பொறுப்பு. லாக்ல கட்டம் இல்லாததால ரிமார்க்ஸ்ல எழுதறேன், "ஏத்தத்துக்காக நின்னது, ஒன்றரை மணி நேரம்"னு. மாசா மாசம் அக்கவுண்ட்ஸ்ல இருந்து கேள்வி வரும், நின்ன நேரத்துக்கு எதுக்கு டீசல்னு. பதில் எழுதறேன், அவங்க பாதிய வெட்டறாங்க, போட்டு வாடகைல மட்டும் கை வைக்க விடறதில்ல.

போன வாரமும் அதே எடத்துல வெளிய நின்னோம். இப்ப சுக்கான் அந்தப் பையன் கையில, முழங்கால்ல தழும்பு இன்னும் இருக்கு. ஒரு பால் கவர் நுரையோட வெளிய மெதந்து வந்துக்கிட்டே இருந்துச்சு, அதத்தான் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தோம். போன் அடிச்சுது.

"எங்க இருக்கீங்க?"

"முகத்துவாரத்துக்கு வெளிய சார்."

"என்ன பண்றீங்க?"

"தயிர் சாதம் சாப்படறோம் சார்."

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. பால் கவர் நின்னுடுச்சு, இன்னும் உள்ள திரும்பல. பையன் ஊறுகா பொட்டலத்த என் பக்கம் நீட்டுனான்.