மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் வேலை பார்ப்பவர்கள்

கடலடியில் ஆளில்லாமல் வேலை செய்யும் ஆர்ஓவி என்ற இயந்திரத்தை ஓட்டுவது என் தொழில். எண்ணெய்க் கிணற்றின் வால்வைத் திறப்பது, குழாய் எங்கேயாவது துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது, அறுந்த கேபிளின் நுனியைத் தேடிப் பிடிப்பது, பெரும்பாலும் இவைதான் வேலை. இயந்திரம் கீழே இருக்கும். நான் கப்பலின் மேல்தளத்தில், ஏசி போட்ட கன்டெய்னருக்குள், திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வீடியோ கேம் மாதிரி தெரியலாம். கையில் எடுத்துப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும். வால்வின் கைப்பிடியை இயந்திரக்கை நெருங்கும் நேரத்தில், இயந்திரத்தை நகர்த்தும் த்ரஸ்டர் விசிறி ஒரு நொடி கூடுதலாகச் சுழன்றால் போதும், அடியில் படிந்த வண்டல் கிளம்பித் திரை முழுக்கப் பழுப்பாகிவிடும். அப்புறம் கையை விலக்கிக்கொண்டு, நீரோட்டம் வண்டலைத் தள்ளிக்கொண்டு போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சில இடங்களில் நீரோட்டமே இருக்காது. ஒலியை அனுப்பி எதிரொலியால் பார்க்கும் சோனாரில் வால்வு மங்கலாகத் தெரியும். அதை நம்பிச் சின்னக் கைப்பிடியைப் பிடிக்க முடியாது. பிடித்த பிறகும் எவ்வளவு திருப்புகிறோம் என்று கைக்கு எதுவும் உணர்த்தாது. திரையில் கைப்பிடியின் நிழல் நகர்வதைப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும்.

ஏதாவது கெட்டுப்போனால் கேபிளைச் சுற்றி இயந்திரத்தை மேலே இழுப்போம். இழுக்க முடியாமல் போனால் பெரிய பண நஷ்டம். உயிர் போகாது. இந்த நிம்மதியோடு வேலை பார்த்துப் பழகியவன் என்பதால்தான் லோஷாரிக் என்ற ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது. நாங்கள் கேபிள் கட்டி இயந்திரத்தை அனுப்பும் ஆழத்துக்கு, அதைவிட ஆழத்துக்கும், அங்கே மனிதர்களே இறங்குகிறார்கள்.

ஏஎஸ்-31 என்ற எண் கொண்ட அந்த அணுசக்தி நீர்மூழ்கியின் வேலை 1988-இல் ரஷ்யாவின் செவரோத்வின்ஸ்க் நகரில் உள்ள செவ்மாஷ் கப்பல் கட்டும் தளத்தில் தொடங்கியது. சோவியத் யூனியன் உடைந்ததும் பணமில்லாமல் இழுத்தடித்து, 2003-இல்தான் தண்ணீரில் இறக்கினார்கள். நீளம் சுமார் 70 மீட்டர். வெளியே சாதாரண நீர்மூழ்கியின் உருவம். உள்ளே மணி கோத்த மாதிரி வரிசையாக டைட்டானியம் கோளங்கள் என்பதுதான் வெளியில் கசிந்த விவரம். உருண்டைகளால் ஆன குதிரை ஒன்று சோவியத் காலத்துக் குழந்தைகள் கார்ட்டூனில் வரும். அதன் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள்.

ஏன் கோளம் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் உடனே புரியும். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 3000 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய 300 கிலோ அழுத்தும். அந்த அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பங்கிட்டுத் தாங்குவதில் கோளத்துக்கு ஈடான வடிவம் இல்லை. எங்கள் ஆர்ஓவியில் நாங்கள் வேறு வழியில் தப்பித்துக்கொள்கிறோம்: பல பெட்டிகளில் காற்றே இல்லாமல் எண்ணெயை நிரப்பி, உள்ளும் வெளியும் ஒரே அழுத்தமாக வைத்துவிடுவோம். மனிதன் மூச்சுவிட வேண்டிய இடத்தில் எண்ணெயை நிரப்ப முடியாது. அங்கே காற்று வேண்டும். காற்று இருந்தால் நெருப்பும் பிடிக்கும்.

லோஷாரிக் தொலைதூரம் தனியாகப் போவதில்லை. பொத்மஸ்கோவ்யே என்ற பெரிய நீர்மூழ்கியின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு போகும். அந்தத் தாய்க்கப்பல் முன்பு அணு ஏவுகணைகளைச் சுமந்தது. ஏவுகணைப் பகுதியை எடுத்துவிட்டு இந்த வேலைக்காக மாற்றியமைத்தார்கள். இரண்டையும் நடத்துவது கூகி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆழ்கடல் ஆராய்ச்சித் தலைமை இயக்ககம். கடற்படைத் தளபதிக்குக் கீழே வராமல் நேரே பாதுகாப்பு அமைச்சரிடம் பதில் சொல்லும் அமைப்பு அது. தளம் மூர்மன்ஸ்க் பகுதியில் உள்ள ஒலென்யா குபா. அங்கே வேலை செய்பவர்களை ஹைட்ரோநாட் என்கிறார்கள். லோஷாரிக்கில் சாதாரண மாலுமி கிடையாது, எல்லோருமே அதிகாரிகள்.

என்ன வேலை செய்கிறார்கள்? கடலடிக் கேபிள்களில் ஒட்டுக்கேட்பது, தேவைப்பட்டால் அறுப்பது என்று மேற்கு நாடுகள் சந்தேகப்படுகின்றன. வெளிப்படையாகத் தெரிந்த ஒரு வேலையும் உண்டு. 2012-இல் ஆர்க்டிக்கின் மெந்தலேயெவ் மலைத்தொடரில் 2500 முதல் 3000 மீட்டர் ஆழத்தில் பாறை மாதிரிகள் எடுக்க இந்தக் கப்பல் உதவியது. அந்தக் கடலடி தங்கள் கண்டத்தின் தொடர்ச்சி என்று ஐ.நா.விடம் காட்ட ரஷ்யாவுக்கு அந்தப் பாறைகள் தேவைப்பட்டன. மேலே பனிக்கட்டி மூடிய கடலில், அந்த ஆழத்தில் பாறை எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். யார் செய்திருந்தாலும் அந்தத் திறமைக்கு மரியாதை தருவேன்.

2019 ஜூலை 1-ஆம் தேதி அந்தக் கப்பலில் தீப்பிடித்தது. மறுநாள் மாலைதான் செய்தி வெளியே வந்தது. 14 பேர் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஏழு பேர் முதல் நிலை கேப்டன்கள். இரண்டு பேர் ஏற்கெனவே ரஷ்யாவின் வீரர் என்ற உயரிய விருது வாங்கியவர்கள். தீ தொடங்கியது பேட்டரி அறையில் என்றும், அணு உலையைத் தனிமைப்படுத்திவிட்டார்கள் என்றும் பாதுகாப்பு அமைச்சர் ஷோய்கு அதிபர் புடினிடம் சொன்னார். கப்பலில் இருந்த சிவிலியன் நிபுணரை முதலில் வெளியே அனுப்பிவிட்டு, தீ பரவாமல் இருக்க ஹேட்ச் என்ற அடைப்புக் கதவை உள்ளே இருந்தவர்களே மூடிக்கொண்டார்கள் என்றும் சொன்னார். கப்பலின் பெயரைச் சொல்லவில்லை. மற்ற விவரங்கள் அரசு ரகசியம் என்று கிரெம்ளின் முடித்துக்கொண்டது.

அந்த ஹேட்ச்சைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். தீயணைப்புப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவதே, கதவை மூடு, காற்றை நிறுத்து என்பதுதான். நாங்கள் மூடும்போது வெளியே நிற்கிறோம். அவர்கள் உள்ளே நின்று மூடினார்கள்.

அதே மாதம், தீப்பிடித்த ஒரே வாரத்தில், ஏகிர் 6000 என்ற நோர்வே நாட்டு ஆர்ஓவி இன்னொரு ரஷ்ய நீர்மூழ்கியைப் பார்க்க இறங்கியது. 1989 ஏப்ரல் 7-இல் தீப்பிடித்து நோர்வே கடலில் மூழ்கிய கொம்சொமொலெட்ஸ் அது. 42 பேர் இறந்தார்கள். கப்பல் 1680 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதன் குழாய் ஒன்றிலிருந்து கசிந்த கதிரியக்கச் சீசியம், சாதாரணக் கடல்நீரில் இருப்பதைவிட ஒரு லட்சம் மடங்கு என்று முதல் முடிவுகளிலேயே தெரிந்தது. அதை உடனே எல்லோருக்கும் சொன்னார்கள். நீர்த்துப் போய்விடுவதால் மீன்களுக்கு ஆபத்தில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

ரஷ்யர்களுக்கு இந்தத் திறந்த வழி தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 2000 ஆகஸ்ட் 12-இல் கூர்ஸ்க் என்ற ரஷ்ய நீர்மூழ்கி மூழ்கியபோது வெளிநாட்டு உதவியை ஏற்க நாலு நாள் ஆனது. 21-ஆம் தேதி நோர்வே டைவர்கள் ஹேட்ச்சைத் திறந்தார்கள். 118 பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை. கடைசிப் பகுதியில் ஒதுங்கிய 23 பேர் முதல் நாளிலேயே இறந்துவிட்டார்கள் என்பதுதான் விசாரணையின் முடிவு, ஆகவே தாமதம்தான் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாலு நாளின் அவமானம் வேலை செய்தது. 2005 ஆகஸ்டில் கம்சாத்கா அருகே ஏஎஸ்-28 என்ற சின்ன மீட்பு நீர்மூழ்கி மீன்வலையிலும் கேபிளிலும் சிக்கி 190 மீட்டரில் நின்றுவிட்டது. உள்ளே ஏழு பேர். இந்த முறை சீக்கிரமே கேட்டார்கள். பிரிட்டனிலிருந்து ஸ்கார்ப்பியோ 45 என்ற ஆர்ஓவி விமானத்தில் வந்து, வலையை ஒவ்வொரு இழையாக வெட்டிவிட்டது. ஏழு பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். எங்கள் தொழிலில் இந்தக் கதையைப் பேசாதவர்கள் குறைவு. நாங்கள் ஓட்டும் அதே வகை இயந்திரம், அதே வகை வெட்டும் கை. புதிதாகச் சேரும் பையன்கள் அலுப்போடு உட்கார்ந்திருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

ரகசியம் எதிரியிடமிருந்து நாட்டைக் காக்கிறது என்பார்கள். சரி, காக்கட்டும். ஆனால் அதே ரகசியம் அந்த வேலையைச் செய்பவனிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் தொழிலில் ஒரு விபத்து நடந்தால், ஒரு விரல் நசுங்கினால்கூட, சம்பவத்தின் விவரம் ஐஎம்சிஏ என்ற, கடல்சார் ஒப்பந்த நிறுவனங்களின் கூட்டமைப்பு வழியாக ‘சேஃப்டி ஃபிளாஷ்’ என்ற பெயரில் எல்லாக் கப்பலுக்கும் போகும். கம்பெனி பெயர் இருக்காது. என்ன உடைந்தது, ஏன் உடைந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கும். ஷிஃப்ட் தொடங்கும் முன் சத்தமாகப் படிப்போம். என் கையில் பத்து விரலும் இருப்பதற்கு முகம் தெரியாத யார் யாருடைய காயமோ காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

லோஷாரிக்கில் எரிந்தது லித்தியம் அயன் பேட்டரி என்று ரஷ்யப் பத்திரிகைகள் எழுதின. அதே 2019 அக்டோபரில் நோர்வேயில் இட்டரோய்னிங்கன் என்ற பயணிகள் படகின் லித்தியம் பேட்டரி அறையில் தீப்பிடித்தது. மறுநாள் வாயு சேர்ந்து வெடித்தது. சில நாட்களுக்குள் நோர்வே கடல்சார் நிர்வாகம் பேட்டரி வைத்த கப்பல்கள் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. நெருப்பு அணைந்த மாதிரி தெரிந்தாலும் வாயு தங்கியிருக்கும், அவசரப்பட்டு உள்ளே போகாதீர்கள் என்பது அதற்குப் பிறகு எங்கள் பயிற்சியிலும் சேர்ந்தது.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் செராஃபிமோவ்ஸ்கோயே கல்லறைத் தோட்டத்தில், கூர்ஸ்க் மாலுமிகள் பலர் கிடக்கும் அதே இடத்தில், ஜூலை 6-ஆம் தேதி 14 பேரையும் அடக்கம் செய்தார்கள். விருதுகளும் கொடுத்தார்கள். கப்பலைப் பழுதுபார்த்து மறுபடி கடலில் இறக்க வேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது. உலகத்துக்குச் சொல்லாவிட்டால் போகட்டும். அடுத்து அந்தக் கோளங்களுக்குள் இறங்கும் குழுவுக்காவது அந்தத் தீயின் முழு அறிக்கையை, ஒரு வரி மறைக்காமல், படிக்கக் கொடுக்க வேண்டும்.