ஃபார்மட் செய்யாமல் மீட்ட லினக்ஸ் மின்ட்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பில், இருக்கிற விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது பெரிய வேலையில்லை. பென்டிரைவில் பூட் செய்து, கேட்பதற்கெல்லாம் பதில் சொன்னால் முடிந்தது. தலைவலி அதற்கப்புறம்தான். எதைக் கேட்டாலும் "ஃபார்மட் பண்ணிட்டு மறுபடி போடு" என்கிறார்கள். அவசரப்பட்டு அதைச் செய்யாதீர்கள்.

முதல் தடங்கல் வைஃபை. பிராட்காம் சிப் உள்ள லேப்டாப்பில் டிரைவரை (அந்த சிப்பை இயக்கும் மென்பொருளை) தனியாகப் போட வேண்டும். நெட் இல்லாமல் டிரைவர் எப்படி? மொபைலை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (மொபைல் நெட்டைப் பகிர்வது) ஆன் செய்தால் போதும். செக்யூர் பூட் (அங்கீகாரமில்லாத மென்பொருளை பூட்டில் தடுக்கும் பாதுகாப்பு) ஆனில் இருந்தால் இன்ஸ்டால் நடுவே ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வரும்; சில நொடிகளுக்குள் ஏதாவது கீயை அழுத்தி, "என்ரோல் எம்ஓகே" தேர்ந்தெடுத்து, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் டிரைவர் இருந்தும் லோடு ஆகாது. வைஃபை இங்கேதான் சிக்கிக்கொள்கிறது என்று யாரும் சொல்வதில்லை. செக்யூர் பூட்டை ஆஃப் செய்தாலும் தீரும், ஆனால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, லினக்ஸிலிருந்து விண்டோஸின் டி டிரைவில் ஃபைலைத் திறக்கலாம், சேமிக்க முடியாது. ஒருநாள் முடியும், மறுநாள் முடியாது. காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் எழுதினால் டேட்டா கெட்டுவிடும் என்றுதான் லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்து வந்தால் இந்தத் தொல்லை இருக்காது, அதனால்தான் ஒருநாள் வேலை செய்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்வதே தீர்வு. விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடினால் அது வேறு விஷயம்: லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யூடிசி (உலகப் பொது) நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரமாக எடுத்துக்கொள்கிறது.

உண்மையிலேயே வயிற்றைக் கலக்குவது பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி. "பழைய பைத்தானை நீக்கிவிட்டுப் புதியதைப் போடு" என்ற யோசனையைக் கேட்டு பைத்தான்3-ஐ நீக்கினால், டெஸ்க்டாப்பின் பல பாகங்களும் சேர்ந்து போய்விடும், ஏனென்றால் அவை அதை நம்பி இருக்கின்றன. நீக்கப்போகும் பட்டியலை ஏபிடி (மென்பொருளைப் போடவும் நீக்கவும் உதவும் கமாண்டு) முழுசாகக் காட்டிவிட்டுத்தான் "ஒய்" (சரி) அல்லது "என்" (வேண்டாம்) என்று கேட்கிறது. படிக்காமல் ஒய் அடித்தால், அடுத்த பூட்டில் கறுப்புத் திரைதான்.

இதற்கும் ஃபார்மட் வேண்டாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரையில் லாகின் வரும். மொபைல் டெதரிங்கை இணைத்து, சுடோவோடு (நிர்வாகி அனுமதி தரும் கமாண்டு) ஏபிடி இன்ஸ்டால் கொடுத்து, உங்களுடையது மின்ட்டின் சின்னமன் பதிப்பு என்றால் "மின்ட்-மெட்டா-சின்னமன்" பேக்கேஜைப் போடுங்கள். டெஸ்க்டாப் திரும்பிவிடும். இன்னும் ஏதாவது விட்டுப்போனால், வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் ஏபிடி, அதில் ஹிஸ்டரி.லாக் என்ற ஃபைல் இருக்கும். அதன் கடைசிப் பகுதியில் "ரிமூவ்" என்று தொடங்கும் வரியில் நீக்கப்பட்ட ஒவ்வொரு பேக்கேஜின் பெயரும் வெர்ஷனோடு இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போடலாம். சொந்த ஃபைல் ஒன்றுகூடப் போயிருக்காது. டெஸ்க்டாப்பின் லாகின் திரை மறுபடி வரும்போது கிடைக்கிற நிம்மதி இருக்கிறதே! புதிய பைத்தான் வேண்டுமென்றால் பழையதைத் தொடாமல் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது. டி டிரைவ் எழுத விடவில்லையே என்று, எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் "சிஎச்மாட் 777" கமாண்டை சுடோவோடு ரூட் ஃபோல்டர் (சிஸ்டம் மொத்தமும் அடங்கிய ஃபோல்டர்) முழுவதற்கும் கொடுப்பது. டி டிரைவ் அப்போதும் எழுத விடாது. ஆனால் சுடோ தனக்குத் தேவையான சிறப்பு அனுமதியை இழந்து, அதன்பின் இயங்கவே மறுக்கும். எந்த ஃபைலுக்கு என்ன அனுமதி இருந்தது என்பது எங்கும் பதிவாகியிருக்காது. லைவ் பென்டிரைவில் (மின்ட் போட்ட அதே பென்டிரைவ்) பூட் செய்து, உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரைக் காப்பி எடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் வழி.

டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் முன்பே எடுத்த ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் நகல்) இருந்தால் இதிலிருந்தும் தப்பலாம், லைவ் பென்டிரைவிலிருந்தே ரீஸ்டோர் செய்ய முடியும். ஆனால் ஸ்னாப்ஷாட் அதே பார்ட்டிஷனில் இருந்தால் அந்த 777 அதையும் சேர்த்துக் கெடுத்திருக்கும். எனவே தனி ஹார்ட் டிஸ்க்கில், லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபார்மட்டில் வையுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் உள்ள டிஸ்க்கை டைம்ஷிஃப்ட் ஏற்காது. அது சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும். ஹோம் ஃபோல்டரை இயல்பாகச் சேர்ப்பதில்லை, போட்டோக்களுக்கும் ஆவணங்களுக்கும் தனி காப்பி எடுக்க வேண்டும்.