சுருள்வரையும் அதன்மேல் ஏறும் உருவமும்

முப்பரிமாண வடிவமைப்பு பழகுகிறவர்கள் ஒரு சுருள்வில்லையோ திருகாணியின் மரையையோ வரையத் துணியும் நாளில்தான் ஹெலிக்ஸ் எனப்படும் சுருள்வரையைச் சந்திக்கிறார்கள். ஓர் அச்சிலிருந்து மாறாத தொலைவில் சுற்றிக்கொண்டே ஒரே சீராக ஏறிச் செல்லும் கோடு அது. ஒரு சுற்றுக்கு ஏறும் உயரமே பிட்ச். பிட்ச், சுற்றுகளின் எண்ணிக்கை, மொத்த உயரம் ஆகிய மூன்றில் இரண்டைக் கொடுத்தால் மூன்றாவதை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். சாலிட்வொர்க்ஸ் என்னும் வடிவமைப்பு மென்பொருளில் முதலில் ஒரு வட்டத்தை ஸ்கெட்சாக வரைந்து அதிலிருந்து சுருள்வரையை எழுப்ப வேண்டும். 2007ஆம் பதிப்பில் ஹெலிக்ஸ் கட்டளையைப் பெற்ற ஆட்டோகேடிலோ மையம், அடி ஆரம், மேல் ஆரம், உயரம் ஆகியவற்றைச் சொன்னாலே போதும். அடி ஆரமும் மேல் ஆரமும் வேறுபட்டால் கூம்புச் சுருள் கிடைக்கும். உயரத்தைச் சுழியமாக்கினால் அது தட்டையான சுருளாகிவிடும்.

இவ்வளவும் சில நிமிடங்களில் பழகிவிடும். கோட்டுக்குத் தடிமன் கொடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நான் முதன்முதலாக வரைந்த சுருள்வில்லின் வெளிவிட்டம் 22 மி.மீ., கம்பியின் விட்டம் 2 மி.மீ. வெளிவிட்டத்தையே வட்டமாக வரைந்து அதன்மேல் கம்பியை ஓட்டியதால் 24 மி.மீ. விட்டமுள்ள வில் கிடைத்தது. அது தனக்கென வைத்திருந்த துளைக்குள் நுழையவில்லை. சுருள்வரை கம்பியின் நடுவே ஓடும் கோடு ஆகையால் வரைய வேண்டியது 20 மி.மீ. வட்டம். சரிபார்க்க எளிய வழி உண்டு: சுற்றளவின் வர்க்கத்தையும் பிட்சின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஒரு சுற்றின் நீளம் வந்துவிடும். பிட்ச் 6 மி.மீ. என்றால் அது ஏறத்தாழ 63.12 மி.மீ.; வெறும் வட்டத்தின் சுற்றளவான 62.83 மி.மீட்டருக்கும் அதற்கும் வேறுபாடு மிகச் சிறியது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மரையில் வேறொரு தொல்லை காத்திருக்கிறது. சுருள்வரையின் வழியே ஒரு முக்கோணத்தை ஸ்வீப் செய்யும்போது, அதாவது கோட்டின் வழியே நகர்த்திப் பள்ளம் வெட்டும்போது, அது அச்சை நோக்கியபடியே செல்ல வேண்டும். சுருள்வரையின் வளைவு எந்தப் புள்ளியிலும் அச்சை நோக்கியே இருப்பதால், 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃப்ரெனேயின் பெயரால் வழங்கும் திசையமைப்பு, அதாவது வளைவு நோக்கும் பக்கமே உருவத்தைத் திருப்பிக்கொண்டு செல்லும் முறை, இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஃப்ரீகேட் மென்பொருளின் ஸ்வீப் கட்டளையில் அந்தப் பெயரிலேயே ஒரு தேர்வு இருக்கிறது. அதை விட்டுவிட்டு, உருவம் முறுகாமல் செல்லட்டும் என்று மென்பொருளிடம் ஒப்படைத்தால், 10 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. பிட்சும் உள்ள சாதாரண மரையில் முக்கோணம் சுற்றுக்கு ஏறத்தாழ 17 பாகை சாய்ந்துகொண்டே போய், ஐந்து சுற்றுகளில் படுத்தே விடும். சுருள்வில்லில் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை, வட்டம் எப்படித் திரும்பினாலும் வட்டம்தானே! சுருள்வில்லில் மட்டுமே பழகியவர்கள் மரைக்கு வந்ததும் திகைப்பது இதனால்தான்.

அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றையொன்று தொடும்போதும் ஸ்வீப் தோற்றுப்போகும். முக்கோணத்தின் அடிப்பக்கத்தைச் சரியாக 1.5 மி.மீ. என்று வைத்தால், ஒரு சுற்றின் விளிம்பு அடுத்த சுற்றின் விளிம்போடு தடிமனே இல்லாத ஒரு கோட்டில் ஒட்டுகிறது. அதை மென்பொருள் ஏற்பதில்லை. 1.49 என்று குறைத்துத் தப்பிப்பவர்கள் பலர். ஆனால் மெட்ரிக் மரையின் தரவடிவமே முகட்டில் பிட்சின் எட்டில் ஒரு பங்கைத் தட்டையாக விட்டுவைக்கிறது, எனவே வெளிவிட்டத்தில் பள்ளத்தின் அகலம் 1.3125 மி.மீ. மட்டுமே. தரத்தைப் பின்பற்றி வரைந்தவருக்கு இந்தத் தொல்லையே வராது. பள்ளம் வெட்டும் சுருள்வரையை ஆணியின் முனைக்கு ஒரு பிட்ச் வெளியிலிருந்தே தொடங்குவதும் நல்லது. இல்லையேல் தொடக்கத்தில் செங்குத்தான ஒரு சுவர் நின்றுவிடும்.

திசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மை விட்டு விலகிச் செல்லும்போது கடிகார முள் திசையில் சுற்றுவது வலப்புரி. எந்த முனையிலிருந்து பார்த்தாலும் இது மாறாது. மிதிவண்டியின் இடப்பக்க மிதிகட்டை போன்ற சிலவற்றுக்கே இடப்புரி மரை. தமிழறிந்தவர்களுக்கு மட்டும் இங்கே ஒரு தனிப் பொறி உண்டு: வலம்புரிச் சங்கு, வடிவியல் கணக்கில் இடப்புரிச் சுருள். சங்கைப் பிடித்துப் பார்க்கும் முறையால் அமைந்த பெயர் அது.

வடிவமைப்பு மென்பொருள்கள் வளைவுகளைச் சேமிக்கும் கணித வடிவம் நர்ப்ஸ். வட்டத்தைத் துல்லியமாகச் சேமிக்கக்கூடிய நர்ப்ஸ் வளைவுகளால் சுருள்வரையைத் துல்லியமாகக் காட்ட முடியாது, ஏனெனில் அது பல்லுறுப்புக் கோவைகளின் விகிதமாக எழுத இயலாத வளைவு. ஆகவே வேறு மென்பொருளுக்கு அனுப்பும் கோப்பில் பெரும்பாலும் இருப்பது, குறித்த பிழையெல்லைக்குள் அதை ஒட்டிச் செல்லும் வேறொரு வளைவே. அதன்மேல் எழும் பரப்புகள் கோப்பைப் பெருக்கவைத்து, பல ஆணிகள் கொண்ட இயந்திர வரைபடத்தை நகரவிடாமல் செய்துவிடும். அதனால் முப்பரிமாண அச்சுக்கோ நெருக்கமான படத்துக்கோ தேவைப்பட்டாலன்றி நான் மரையை உண்மையாக வெட்டுவதில்லை. உருளையின் மேல் மரைக் குறியீட்டை இட்டு, அளவை எழுதிவிடுகிறேன்.