மர்கா பள்ளத்தாக்கு: பேக்கேஜ் வேண்டாம், வீடுகளில் தங்குங்கள்

லடாக்கில் மர்கா பள்ளத்தாக்கு நடைப்பயணம் போகிற எண்ணம் இருந்தால், ஏஜென்சி பேக்கேஜை முதலில் ஒதுக்கிவையுங்கள். லே கடைத்தெருவில் நான்கு எட்டு வைத்தால் போதும், கைடு, சமையல்காரர், குதிரை, கூடாரம் எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்வார்கள். நாங்கள் விசாரித்த இடங்களில் அந்தத் தொகையைக் கேட்டதும் நானும் நண்பனும் பேசாமல் வெளியே வந்துவிட்டோம். அதில் பாதிகூடச் செலவாகாமல், கிராமத்து வீடுகளில் தூங்கி, அவர்கள் அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு, அதே பாதையை நடந்து முடித்துவிட்டு வந்திருக்கிறோம். முழங்கால் வலி இன்னும் போகவில்லை. அது இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

பாதை இதுதான். லேயிலிருந்து டாக்ஸியில் சில்லிங் வழியாக ஸ்கியூ. அங்கிருந்து நடை. மர்கா, ஹங்கர், நிமாலிங் மேய்ச்சல்வெளி, கொங்மாரு லா கணவாய், அப்புறம் இறங்கி ஷாங் சும்டோ, கடைசியாக ஹெமிஸ் மடம். முழுக்க ஹெமிஸ் தேசியப் பூங்கா பக்கம். பாதை தெளிவாக இருக்கிறது, ஆள் நடமாட்டமும் உண்டு. மலையில் முன்பே நடந்து பழகியவர்களுக்கு கைடு இல்லாமல் முடியும். இதுதான் முதல் மலைநடை என்றால் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்வது நல்லது.

லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் இரண்டு நாளாவது சும்மா இருந்தே ஆக வேண்டும். நாங்கள் தூங்கினோம், தண்ணீர் குடித்தோம், பஸ் பிடித்துத் திக்சே மடத்துக்குப் போய் இரண்டு மாடி உயர மைத்ரேய புத்தர் சிலையைப் பார்த்தோம். அவ்வளவுதான்.

இப்போது டாக்ஸி விஷயம். லேயில் எந்த ஊருக்கு எவ்வளவு என்று அச்சடித்த விலைப்பட்டியல் உண்டு. அதைப் பார்த்துத்தான் ஸ்கியூவுக்குப் பேசினோம். மலிவு இல்லை, ஆனாலும் பட்டியலில் உள்ளது என்பதால் பேரம் பேசவில்லை. சில்லிங் தாண்டி, சன்ஸ்கார் ஆற்றுப் பாலத்தருகே வண்டி நின்றுவிட்டது. பேசிய காசு இதுவரைக்கும்தான், மேலே போக இன்னும் ஆயிரம் ரூபாய் என்றார் ஓட்டுநர். சாலை மோசமாம், டயர் போய்விடுமாம். லேயில் ஏறும்போது ஸ்கியூ என்று இரண்டு முறை சொல்லி, அவரும் தலையாட்டியிருந்தார். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை, நிழல் இல்லை. நண்பனுக்கு இந்தி வரும். "அண்ணா, லேயிலயே பேசினோமே" என்று பத்து நிமிடம் வாதாடினான். கடைசியில் ஐந்நூறில் வந்து நின்றது. கொடுத்தோம். கிராமத்து வீட்டில் ஒருவர் ஒரு இரவு தங்கிச் சாப்பிட எங்களிடம் வாங்கியது 1,500 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தால், வழியில் வண்டியை நிறுத்தி ஒரு மனிதர் என் சோற்றையும் படுக்கையையும் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் போனால், இறங்கும் ஊரின் பெயரையும் தொகையையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

அந்த எரிச்சலிலும் வழியை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. நிம்முவில் சிந்துவும் சன்ஸ்காரும் கலக்கிற இடத்தை மேலே சாலையிலிருந்து பார்க்கலாம். கலந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டு நிறமாகவே ஓடுகிறது. சன்ஸ்கார் பனிக்காலத்தில் உறைந்து, அதன் மேலேயே மக்கள் நடக்கிற ஆறு. சில்லிங் தலைமுறை தலைமுறையாகச் செம்பு, பித்தளை வேலை செய்கிறவர்களின் ஊர். ஷே மடத்துப் புத்தர் சிலைக்காக நேபாளத்திலிருந்து வரவழைக்கப்பட்ட கைவினைஞர்களின் வழிவந்தவர்கள் என்று அவர்களைச் சொல்கிறார்கள். அவர்கள் கைவேலையை நான் பிறகு மர்காவில் ஒரு அடுப்படியில் பார்த்தேன்.

ஸ்கியூவிலிருந்து மர்கா நீண்ட நடை, இருபது கிலோமீட்டருக்கு மேல். ஏற்றம் அதிகம் இல்லை, வெயில்தான் கொல்கிறது. மரம் என்றால் ஆற்றோரம் வில்லோவும் பாப்ளரும் மட்டும். மற்றபடி முள்ளுப் புதர்கள், அதில் ஆரஞ்சு நிறத்தில் பழம். அந்தப் பழத்தின் சாற்றைத்தான் வழியோரப் பாராசூட் கூடாரங்களில் விற்கிறார்கள். ராணுவம் கழித்துப்போட்ட பாராசூட்டை ஒரு கம்பத்தில் கட்டி, கீழே கம்பளம் விரித்திருப்பார்கள். டீ, மேகி, அவித்த முட்டை கிடைக்கும். எல்லாவற்றையும் பெண்களே நடத்துகிறார்கள். விலை ஊரைவிட அதிகம்தான், ஆனால் சிலிண்டர் குதிரை முதுகில் வருகிற இடம். அந்த விலையைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது.

ஒரு புகார் உண்டு, அது பேக்கேஜில் வந்த கூட்டத்தைப் பற்றி. வழியெங்கும் மணி சுவர்கள் இருக்கின்றன. 'ஓம் மணி பத்மே ஹூம்' செதுக்கிய கற்களை அடுக்கி எழுப்பிய நீளமான சுவர்கள். அவற்றை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு கடக்க வேண்டும், ஊரில் சின்னப் பிள்ளைகூட அப்படித்தான் போகும். அந்தச் சுவர் மேல் ஏறி உட்கார்ந்து, பையை அதன் மேல் போட்டு, சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்தார்கள். கூட வந்த கைடு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் சொன்னோம். இறங்கினார்கள், முகத்தைத் தூக்கிக்கொண்டு.

மர்காவுக்குள் நுழையும்போது அறுப்பு நேரம். பார்லிக் கதிர் மஞ்சளாக நின்றது. மொட்டை மலைகளுக்கு நடுவில் அந்த மஞ்சளைப் பார்க்கும்போது, இந்தக் கொஞ்சம் மண்ணுக்கு இவர்கள் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த பாடு புரிகிறது. மழை நம்பி இங்கே ஒன்றும் விளையாது. உருகிய பனிதான் எல்லாம்.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாவை எல்லோரும் ஆமா-லே என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். வீட்டின் பெரிய அறையே அடுப்படிதான். நடுவில் இரும்பு அடுப்பு, எரிப்பது காய்ந்த சாணம். சுவர் முழுக்கத் தட்டுகளில் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் பளபளவென்று அடுக்கியிருக்கின்றன. தாழ்வான சோக்ட்சே மேசை, அதன் பின்னால் கம்பளத்தில் சம்மணம். உட்கார்ந்ததும் உப்பும் வெண்ணெயும் போட்ட டீ வந்தது. கிண்ணம் காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நண்பனுக்கு அது இறங்கவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது. வெயிலில் உப்பு இழந்து வந்த உடம்பு அதைத்தான் கேட்கிறது என்று நினைக்கிறேன். வறுத்த பார்லி மாவை அதில் பிசைந்து கொடுத்தார், நம் வீட்டில் சத்துமாவு வறுக்கும்போது வருகிற அதே வாசம்.

இரவுக்கு ஸ்க்யூ. ஸ்கியூ ஊர் வேறு, இது சாப்பாடு. கோதுமை மாவைப் பிசைந்து, கிள்ளி, கட்டைவிரலால் அழுத்தினால் சின்னக் குழி விழும். அந்தத் துண்டுகளை உருளைக்கிழங்கு, கேரட், டர்னிப், கீரையோடு கொதிக்கவிடுவார்கள். கூழும் இல்லை, குழம்பும் இல்லை, கெட்டியாக இருக்கும். காரமே கிடையாது. காய் எல்லாம் அன்று சாயங்காலம் பின்புறத் தோட்டத்தில் பிடுங்கியது. மாவு அழுத்த நாங்களும் உட்கார்ந்தோம், ஆமா-லேயின் பேத்தி எங்கள் துண்டுகளை எடுத்து மறுபடி அழுத்திப் போட்டாள். மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். இந்தப் பயணத்தில் லேயின் உணவகங்களில் பாஸ்தாவுக்கும் பீட்சாவுக்கும் கொடுத்த காசெல்லாம் அன்று ராத்திரி வீணாகத் தெரிந்தது. காலையில் கம்பீர் ரொட்டி, தயிர், பாதாமி ஜாம். மதியத்துக்குக் கட்டுச்சோறும் அந்த 1,500-க்குள்ளேயே.

இந்த வீடுகளில் தங்கும் ஏற்பாடு 2000களின் தொடக்கத்தில் பனிச்சிறுத்தைக்காக வந்தது. பனிச்சிறுத்தை பட்டிக்குள் இறங்கினால் ஓர் ஆட்டோடு நிறுத்தாது, கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துவிடும். ஒரே ராத்திரியில் ஒரு குடும்பத்தின் சொத்து போய்விடும். கோபத்தில் ஊர்க்காரர்கள் அதைக் கொன்றார்கள். பட்டிகளுக்கு மேலே கம்பிவலை போட்டு மூடியதும், வீடுகளில் பயணிகளைத் தங்கவைத்து வருமானம் வரச் செய்ததும் சேர்ந்துதான் அந்தக் கோபத்தைக் குறைத்தன. நாங்கள் பனிச்சிறுத்தையைப் பார்க்கவில்லை, கோடையில் அது மேலே போய்விடும். ஆனால் ஆமா-லே வீட்டுப் பட்டியில் அந்தக் கம்பிவலையைப் பார்த்தேன். பேக்கேஜில் வருகிறவர்கள் லேயிலிருந்தே அரிசி, பருப்பு, கூடாரம் எல்லாம் ஏற்றிவந்து, ஊரின் வயலோரம் தங்கி, ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். ஊருக்குக் கிடைப்பது கூடாரம் போட்ட வாடகை மட்டும். இதற்காகத்தான் முதல் வரியிலேயே அப்படிச் சொன்னேன்.

மர்காவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டெச்சா மடம். செங்குத்தான பாறை முனையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழிருந்து பார்த்துவிட்டு நிறையப் பேர் அப்படியே நடந்துவிடுகிறார்கள். தயவுசெய்து ஏறுங்கள். மூச்சு வாங்கும், வளைந்து வளைந்து போகிற பாதை. சாவியோடு ஒரு லாமா இருந்தார், எங்களுக்காகக் கதவைத் திறந்தார். உள்ளே இருட்டு, நெய்விளக்கின் மணம், புகை படிந்த சுவரோவியங்கள். கண் பழகப் பழகத்தான் உருவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. திக்சேயில் எங்களைச் சுற்றி நூறு பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே எங்கள் இருவரையும் லாமாவையும் தவிர யாரும் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் எனக்கு ஒரே ஒரு இடத்துக்குத் திரும்பப் போகலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். உண்டியலில் தாராளமாகப் போடுங்கள்.

ஆற்றைக் காலால் கடக்க வேண்டிய இடம் வந்தால் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏறினால் மேலே பனி உருகி, பிற்பகலில் தண்ணீர் கூடிவிடும்.

ஹங்கரில் பாறை மேல் இடிந்த கோட்டை. அதற்கு மேலே ஊர் கிடையாது. நிமாலிங் 4,800 மீட்டர் பக்கம், கோடையில் ஊர்க்காரர்கள் ஆடு, யாக் மேய்க்க வந்து தங்குகிற வெளி. எதிரே 6,400 மீட்டர் காங் யாட்சே முழுசாக நிற்கிறது. இங்கே வீடு இல்லை, போட்டுவைத்த கூடாரம்தான், கீழே கொடுத்ததைவிடக் காசும் அதிகம். போர்வை மெல்லிசு, சாப்பாடு சாதமும் பருப்பும். குளிரில் எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஆட்டு மந்தை மலைச்சரிவில் இறங்கி வருவதையும், பெரிய அணில் மாதிரியான மர்மோட்டுகள் பின்னங்காலில் நின்று விசிலடிப்பதையும் பார்த்துக்கொண்டு வெளியிலேயே இருந்தேன். அந்தக் காசு அதற்குக் கொடுத்ததாக வைத்துக்கொண்டேன்.

கொங்மாரு லா 5,200 மீட்டருக்குக் கிட்டத்தட்ட. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான். இருபது எட்டு, நிற்க வேண்டும், மறுபடி இருபது எட்டு. உச்சியில் பிரார்த்தனைக் கொடிகள் படபடக்க, பின்னால் காங் யாட்சே, முன்னால் சிந்துப் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் மலைமேல் மலையும். நண்பன் கட்டிப்பிடித்துக் கத்தினான், நானும் கத்தினேன். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த குதிரைக்காரர் ஒருவர் ஜூலே (லடாக்கி வணக்கம்) சொல்லி ஆளுக்கு ஒரு பிடி உலர்ந்த பாதாமி கொடுத்தார்.

இறக்கம் கொடுமை. முழங்கால் போனது இங்கேதான். சிவப்பு, பச்சை, ஊதா என்று நிறம் நிறமாகப் பாறை நெருக்குகிற பள்ளம், ஓடையை அடிக்கடி தாண்ட வேண்டும். கைத்தடி இல்லாமல் இறங்காதீர்கள். ஷாங் சும்டோவில் தங்கிவிட்டு ஹெமிஸ் வந்தோம். 17ஆம் நூற்றாண்டு மடம், லடாக்கிலேயே பெரியவற்றில் ஒன்று, திபெத்திய பௌத்தத்தின் த்ருக்பா மரபு. கோடைத் திருவிழாவில் முகமூடி நடனம் பெயர்பெற்றது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விரிக்கும் பெரிய தங்காவை, அதாவது துணி ஓவியத்தை, கடைசியாக 2016இல் விரித்தார்கள். அருங்காட்சியகத்துக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

செலவை வரிசையாகப் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஸ்க்யூ பற்றி எழுத ஆரம்பித்ததும் அது எங்கேயோ போய்விட்டது. சுருக்கமாக: பெரிய செலவு விமானம், அடுத்தது டாக்ஸி, மூன்றாவதுதான் தங்கலும் சாப்பாடும். பள்ளத்தாக்கில் ஏடிஎம் இல்லை, நூறு, இருநூறு நோட்டுகளாக எடுத்துப் போங்கள். ஸ்கியூவைத் தாண்டிச் சாலை மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் குதிரையில் போகிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது. நடக்கிறவர்கள் சீக்கிரம் போய்விடுவது நல்லது. ஹெமிஸிலிருந்து லேக்குக் காலையில் பஸ் உண்டு, முந்தின நாளே நேரம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் மறுபடி டாக்ஸிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும்.