அந்த நாலு செகண்டு எந்தக் கணக்கில் வரும்?

"போகும் தம்பி. நாலு நிமிஷம் ஆகும். நான் தள்ளினா நாலு செகண்டு."

எங்கள் சுமை தூக்கும் ரோபோவை ஒரு வாடிக்கையாளரின் இடத்தில் ஓட்டிக் காட்டிய பைலட், அதாவது முன்னோட்டச் சோதனை, முடிந்து ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. ஆர்டர் கிடைத்தது, அதுவும் நல்ல ஆர்டர். யாருக்கும் அடிபடவில்லை, எதுவும் உடையவில்லை. அப்படியிருந்தும் அங்கே பேக்கிங் வேலையில் இருந்த ஒரு அக்கா சொன்ன அந்த வார்த்தையும், அதற்குப் பதிலாக நான் சிரித்த சிரிப்பும்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றன.

மூன்றாவது வாரம் அது. லேப்டாப்பை, சரக்கு அடுக்கும் பேலட் ஒன்றின் மேல் வைத்து லாக் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ரோபோ வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே, அவர் பேக்கிங் மேசையிலிருந்து எழுந்து போய், வழியில் பாதி நீட்டிக்கொண்டிருந்த டிராலியை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி ஓரம் கட்டிவிட்டுத் திரும்பி வந்தார். ரோபோ வேகம் குறையாமல் அவர் முதுகுக்குப் பின்னால் போனது. பார்க்க அழகாகவே இருந்தது, டெமோ வீடியோவுக்கு எடுத்திருக்கலாம். "நீங்க எழுந்திருக்கவே வேண்டாம்க்கா, அதுவே சுத்திப் போயிடும்" என்றேன். உதவுகிற தொனியில் சொன்னதாகத்தான் நினைவு, ஆனால் அதில் என் நேவிகேஷன் கோடைப் பற்றிய பெருமையும் இருந்தது. அதற்குத்தான் அவர் அந்த நாலு நிமிடக் கணக்கைச் சொன்னார். அப்புறம் மேசைக்குத் திரும்பியபடியே, "இதெல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல வருமா?" என்றார். நான் சிரித்தேன். வராது என்று எனக்குத் தெரியும்.

முதலில் அவர் கணக்கு சரியா என்று பார்த்தேன், அதாவது அவரைத் தப்பென்று காட்ட முடியுமா என்று பார்த்தேன். ரோபோவின் லைடார், அதாவது லேசரால் தூரம் அளக்கும் கருவி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. டிராலி அதற்குத் தெரிவது நாலு கால்களாக, நாலு புள்ளிகளாக மட்டும்தான். இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு லைடாருக்குத் தெரியாது, மேலே இருக்கும் ஆழக் கேமராதான் அதைப் பிடிக்க வேண்டும். கேமரா ஒரு தடவை பார்க்கும், ஒரு தடவை தவறவிடும் என்பதால் டிராலி மாதிரி தெரிகிற எதைச் சுற்றியும் தாராளமாக இடம் விடச் சொல்லியிருந்தோம். அப்படி விட்டால் அந்தச் சந்தில் போக வழி மிஞ்சாது. எனவே ரோபோ நிற்கும். முன்னால் இருப்பது நடந்து போகிற ஆளாக இருக்கலாம் அல்லவா, அதனால் 30 விநாடி காத்திருக்கும், இன்னொரு முறை முயலும், இன்னொரு 30. பிறகுதான் மாற்றுப்பாதை. அது சுமார் 120 மீட்டர் சுற்று. விநாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் இரண்டரை நிமிடம். அந்தப் பக்கம் ஒருவழிச் சந்தில் இன்னொரு ரோபோ வந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டும். ஆக நாலு நிமிடம். கடிகாரம் பார்க்காமல் அவர் சொன்னதும் நான் கூட்டிப் பார்த்ததும் ஒன்றாகவே வந்தன.

காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் என்ன என்று கேட்பீர்கள். குறைத்துப் பார்த்தோம். 5 விநாடி என்று வைத்தால், யாராவது குனிந்து பெட்டி எடுத்தாலே ரோபோ திரும்பிக்கொண்டு ஊரைச் சுற்றப் போய்விடுகிறது. வேகத்தைக் கூட்டலாமா என்றால் அதற்கும் விலை உண்டு. 0.8 மீட்டர் வேகத்தில் ஓடும் ரோபோ, தாமத நேரம் 0.3 விநாடி, பிரேக் பிடித்தால் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 1 மீட்டர் குறையும் என்று வைத்தால் அரை மீட்டருக்குச் சற்று மேல் போய் நிற்கும். 1.5 மீட்டர் வேகம் என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல் தேவை. வேகம் இரண்டு மடங்கு கூட இல்லை, நிற்கும் தூரம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ரோபோவுக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்பு வளையமும் அதற்கேற்ப நீள வேண்டும், ஓட்டுநர் இல்லாத தொழிற்சாலை வண்டிகளுக்கான பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 3691-4 படி வேலை செய்கிறவர்கள் அதில் விளையாட முடியாது. வளையம் நீண்டால் அதற்குள் ஆள் கால் வைப்பதும் கூடும், ரோபோ அடிக்கடி நிற்கும். வேகமாக ஓடுகிற ரோபோ தாமதமாகப் போய்ச் சேர்வதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். தெரியாமல் போனது, அல்லது தெரிந்தும் எழுதாமல் விட்டது வேறு.

பைலட் அறிக்கையில் 'மனிதத் தலையீடு' என்று ஒரு வரி உண்டு. நூறு பயணத்துக்கு எத்தனை முறை ஆள் வர வேண்டியிருந்தது என்பது. வாடிக்கையாளர் முதலில் பார்க்கிற எண் அதுதான், ஏனென்றால் இந்த வியாபாரமே அதில்தான் நிற்கிறது. ரோபோ எத்தனை பேரின் நடையை மிச்சம் பிடிக்கிறது, ஒரு நாளில் எத்தனை ஷிஃப்ட் ஓடுகிறது, போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும். ஒரே ஷிஃப்ட் ஓடுகிற இடத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் நொண்டும், மூன்று ஷிஃப்ட் ஓடினால் எல்லாமே அழகாகத் தெரியும். விலைக்கு விற்காமல் மாத வாடகைக்குக் கொடுத்தாலும் அடியில் இருப்பது இதே கணக்குதான். எங்கள் அறிக்கையில் அந்த எண் ஒன்றுக்கும் கீழே இருந்தது. பொய் இல்லை. யாராவது ரீசெட் பட்டனை அழுத்தினாலோ, ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தாலோ அது தலையீடு என்று பைலட்டுக்கு முன்பே எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தோம். ரோபோவைத் தொடாமல் டிராலியைத் தள்ளுவது அந்த வரையறைக்குள் வரவில்லை.

வரையறையை எழுதியவன் நான்.

சேல்ஸில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொன்னேன், அதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன், எனக்குச் சாதகமான ஒன்றிரண்டு விஷயங்களில் அதுவும் ஒன்று. "அங்க ஒரு அக்கா ஒவ்வொரு தடவையும் வழி விலக்கி விடுறாங்க சார், அதுனாலதான் நம்ம நம்பர் இப்படி இருக்கு" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார், அலட்சியமாகச் சொல்லவில்லை. "ஃபோர்க்லிஃப்ட் வந்தாலும் ஆளுங்க வழி விடத்தானே செய்றாங்க? அதை யாராவது ஃபோர்க்லிஃப்டோட தலையீடுன்னு எழுதுறாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. இப்போதும் முழுசாக இல்லை. ஃபோர்க்லிஃப்டைத் தானியங்கி என்று சொல்லி நாம் விற்பதில்லை என்பது வீட்டுக்குப் போகும் வழியில் தோன்றிய பதில். நல்ல பதில் எனக்கு எப்போதும் அந்த நேரத்தில்தான் தோன்றும். மறுநாள் போய் அதைச் சொன்னேனா என்றால், இல்லை.

இதில் நாங்கள் மட்டும் புதிதாக எதுவும் செய்யவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. 2002-ல் வந்த ரூம்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது வீட்டைக் கூட்டுவதற்கு முன்னால் தரையில் கிடக்கும் சார்ஜர் வயரையும் காலுறையையும் பொறுக்கி எடுத்து வைப்பது யார்? வாங்கியவர்தான், அதற்காக அவர் யாரிடமும் புகார் சொல்வதும் இல்லை. அமேசான் 2012-ல் 775 மில்லியன் டாலருக்கு கிவா சிஸ்டம்ஸ் என்ற கிடங்கு ரோபோ நிறுவனத்தை வாங்கியது. எங்கள் துறையில் பணம் இருக்கிறது என்று பலர் நம்பத் தொடங்கியது அதற்கப்புறம்தான். அந்த கிவா ரோபோக்கள் ஓடும் இடத்துக்குள் ஆளே போகக் கூடாது, தரையில் ஒட்டிய குறியீடுகளைப் படித்து அவை நகரும், அலமாரியைத் தூக்கிக்கொண்டு விளிம்பில் நிற்கும் மனிதரிடம் வரும். கடினமான பிரச்சினையை அவர்கள் தீர்க்கவில்லை, அதை வேலிக்கு வெளியே நிறுத்தினார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, பொறியியலாக அது மிக நேர்மையான முடிவு என்றே நினைக்கிறேன். வேலி போட்டால் எது ரோபோவின் வேலை, எது மனிதரின் வேலை என்று கோடு கண்ணுக்குத் தெரியும். வேலியே வேண்டாம், ஆட்களுக்கு நடுவிலேயே ஓடும் என்று சொல்லி விற்கும் எங்களைப் போன்றவர்களிடம்தான் அந்தக் கோடு அழிந்துபோகிறது.

இப்படி எழுதும்போது ஏதோ அநியாயம் நடந்தது போல இருக்கிறது. நடந்ததா? அவரிடம் வேலையை யாரும் திணிக்கவில்லை. அவருக்கு ரோபோ பிடித்திருந்தது என்றுகூட நினைக்கிறேன், அது முன்பு அவர் தள்ளிக்கொண்டு போன சுமையைத்தான் தூக்கிப் போனது. நாலு செகண்டு தள்ளிவிட்டு ஒரு நடையை மிச்சம் பிடிப்பது அவருக்கும் லாபம்தான். ஆனால் ஒரு ஷிஃப்டில் அந்த வழியாக எழுபது, எண்பது பயணம் போகும். எல்லா முறையும் டிராலி நீட்டிக்கொண்டிருக்காது என்றாலும், ஒவ்வொரு முறையும் அவர் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்கு எத்தனை செகண்டு? ரோபோ எங்கே போகப் போகிறது என்பதைக் காட்ட தரையில் ஒரு நீல விளக்கு போடுகிறோம், அது இரண்டு அடி தூரம்தான் சொல்லும். மீதியை அவர் சத்தத்தை வைத்து, நேரத்தை வைத்து, எந்த பேலட் எப்போது நிறையும் என்பதை வைத்துக் கணித்திருக்கிறார். எங்கள் மென்பொருள் செய்ய வேண்டிய முன்கணிப்பு அது.

சரி, அறிக்கையில் ஒரு அடிக்குறிப்பு போட்டிருக்கலாமே என்று கேட்டால், போட்டிருக்கலாம். போட்டிருந்தால் ஆர்டர் கைவிட்டுப் போயிருக்குமா? தெரியாது. போயிருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது, அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அடுத்த வெர்ஷனில் நான் ஒன்று செய்தேன். ரோபோவின் பாதையில் தடை தெரிகிறது, ரோபோ நெருங்குவதற்குள் அந்தத் தடை மறைகிறது என்றால் ஒரு எண்ணியைக் கூட்டும்படி சில வரிகள் எழுதினேன். துல்லியமான கருவி இல்லை. ஃபோர்க்லிஃப்ட் தற்செயலாக நகர்ந்தாலும் எண்ணும், பக்கத்தில் நிற்கும் ஆள் விலகினாலும் எண்ணும். வாடிக்கையாளரின் டாஷ்போர்டில் அதைச் சேர்க்கவில்லை, உள்ளே எங்களுக்கு மட்டும் தெரியும் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு நான் சொல்லும் காரணம் துல்லியம் போதாது என்பது. உண்மையான காரணங்களில் ஒன்று, எண் பெரிதாக இருக்கிறது. இன்னொன்றை யாரிடமும் சொன்னதில்லை. இந்த எண்ணை வெளியே காட்டினால், அவர் செய்கிற வேலைக்கு மதிப்புக் கிடைக்கும் என்று நான் நினைப்பது போல நடக்காமல், டிராலியை ஏன் வழியில் விடுகிறீர்கள் என்று அவரிடமே போய்க் கேட்பார்கள் என்று பயம். அல்லது வழி விலக்குவதே அவருடைய கடமை என்று எங்காவது எழுதி ஒட்டிவிடுவார்கள். மறைத்தது அவருக்காகவா, ஆர்டருக்காகவா என்று என்னைக் கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் சொல்வேன்.

போன மாதம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே சந்து, அதே ரோபோக்கள். நடுவில் ஒன்பது நாள் மட்டும் எண்ணியின் கோடு தரையோடு கிடக்கிறது, அதே ஒன்பது நாளும் சராசரிப் பயண நேரம் ஏறி நிற்கிறது. சப்போர்ட்டில் இருக்கும் பையன் அந்த நாட்களில் வைஃபை பிரச்சினையாக இருக்கும் என்று டிக்கெட் போட்டிருந்தான். அக்கா லீவில் போயிருந்தார் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. டிக்கெட் இன்னும் திறந்தே இருக்கிறது.